ஆயிரம் மைலும் எழுபது கிலோமீற்றரும்

நீண்டதூர மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் உலகம் முழுவதும் பேசப்படும் அளவுகோல் ஒன்று உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீற்றர். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் வழங்கும் 'சேடில்சோர் 1000' சான்றிதழுக்கு இதுதான் தகுதி. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் சான்று வேண்டும். வழிநெடுகப் பெற்றோல் அடித்த ரசீதுகளில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். பரிசுப் பணம் எதுவும் கிடையாது. இந்தியாவில் நான்குவழி நெடுஞ்சாலைகள் நீண்ட பிறகு அங்கேயும் பலர் இந்தச் சான்றிதழைப் பெற்றுவிட்டார்கள். நடிகர் அஜித் குமார் நாடுநாடாக மோட்டார் சைக்கிளில் சுற்றிவந்து, 2023இல் அதற்கென்றே 'ஏகே மோட்டோ ரைட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியதையும் தமிழ் இளைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். நாமும் ஒருமுறை போய்வந்தால் என்ன என்ற ஆசை கிழக்கிலங்கையின் கராஜ்களிலும் தேநீர்க் கடைகளிலும் எழுவது இயல்பு.

அந்த ஆசையை முதலில் ஒரு வகுத்தல் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 1,609ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீற்றர் வருகிறது. இது ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடினால். பெற்றோல் அடிக்க, சாப்பிட, மலசலம் கழிக்க, முதுகை நிமிர்த்த என்று மொத்தமாக மூன்று மணித்தியாலம் போனால், மீதி 21 மணித்தியாலத்துக்குச் சராசரி 76 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். இலங்கையில் ஊர்களுக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 70; ஊர்களுக்குள் 50. அதிவேக நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிகளுக்கு இடமே இல்லை. ஆகவே சட்டத்துக்குள் நின்று இந்தத் தீவில் ஒரு நாளில் ஆயிரம் மைல் ஓடவே முடியாது. எவ்வளவு நல்ல வண்டி இருந்தாலும், எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

முடியக்கூடியது வேறொன்று இருக்கிறது. கரையோரமாகத் தீவை முழுதாகச் சுற்றி வருவது. திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஆறு நண்பர்கள் அப்படிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கின்னியாவைத் தாண்டித் திருகோணமலை, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. அப்பால் முல்லைத்தீவு, பரந்தன், யாழ்ப்பாணம். அங்கிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு இறங்கி மன்னார். பிறகு மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், கொழும்பு, காலி, அம்பாந்தோட்டை, மொனராகலை, பொத்துவில், கல்முனை, மட்டக்களப்பு, வெருகல், மூதூர் என்று மீண்டும் கின்னியா. இந்த வழியை வீதி வீதியாகக் கூட்டினால் 1,300 முதல் 1,400 கிலோமீற்றர் வரை வரும். ஆயிரம் மைலைவிடக் குறைவு. அதை எத்தனை நாளில் ஓடுவது என்பதை ஓட்டுபவரின் ஆசையைவிட அவருடைய தூக்கமும் வியர்வையும் கவனமும் தீர்மானிப்பதுதான் முறை.

வரைபடத்தில் விரல் வைத்து இழுக்கும் கோடு எப்போதும் வீதியாக இருப்பதில்லை என்பதை இந்தக் கரையோரத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கின்னியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது 2009 அக்டோபர் 20இல். அதுவரை அங்கே படகுப் பாதை எனப்படும் மிதவைதான். மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியிலும் ஒரு பாதையில் இறங்கி அடுத்த பாதைக்குக் காத்திருந்த காலம் இருந்தது. சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011 ஜனவரியில். கொக்கிளாயில் இன்னமும் களப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். 2021 நவம்பர் 23 காலையில், பாலவேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணிக் களப்பில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த படகுப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களில் சிறுவர்களே அதிகம். அந்த ஊரிலிருந்து புறப்படும் எவரும் "வழி இருக்கும், போய்ப் பார்ப்போம்" என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. ஒவ்வொரு நாளின் வழியிலும் உள்ள ஒருவரை முதல்நாள் மாலையே அழைத்து, பாலம் திறந்திருக்கிறதா, வீதியில் வெள்ளம் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்வது பயணத் திட்டத்தின் முதல் வேலை.

அடுத்தது பருவம். இரண்டு மழைக்காலங்கள் இந்தத் தீவை மாறிமாறிப் பிடிக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கையும் தெற்கையும் நனைக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் வடக்கும் கிழக்கும் மழையில் கிடக்கின்றன. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியது. முழுச் சுற்றுக்கு இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும் காலம் பெப்ரவரி, மார்ச் என்ற குறுகிய இடைவெளிதான். எந்த நாளும் போகலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியைத் தவறவிட்டுப் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் புறப்படுகிறார்கள். அப்போது கிழக்கில் அவர்களை எதிர்கொள்வது சுட்டெரிக்கும் கச்சான் காற்று.

கச்சான் ஏன் அப்படிச் சுடுகிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. மேற்குக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. நீராவி நீராகும்போது தனக்குள் இருந்த வெப்பத்தைக் காற்றுக்கே கொடுத்துவிடுவதால் அந்தக் காற்று கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிர்கிறது. மலையின் மறுபக்கம் இறங்கும்போது ஈரம் இல்லை. அழுத்தத்தால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. இரண்டு கிலோமீற்றர் ஏறி இரண்டு கிலோமீற்றர் இறங்கினால், எளிமையாகப் போட்ட கணக்கில், புறப்பட்டதைவிட 8 பாகை சூடாகவும் ஈரம் வெகுவாகக் குறைந்தும் காற்று கிழக்குச் சமவெளியை அடைகிறது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் வீசும் ஃபோன் காற்றுக்கும் இதே பொறிமுறைதான்.

இந்தக் காற்றில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவரின் உடலில் என்ன நடக்கிறது? தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 பாகை. வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை காற்றுப் படப்படக் குளிர்ச்சி. காற்று 35ஐத் தாண்டிவிட்டால் அதே வேகக்காற்று உடலுக்குள் வெப்பத்தைத் திணிக்கிறது. அப்போது உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டுப் போகிறது. ஆனால் வறண்ட காற்றில் அது தோலில் நிற்பதே இல்லை. சட்டை நனையாது, நெற்றியில் துளி நிற்காது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் போயிருக்கும்; வியர்த்ததே தெரியாது. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது நனைந்து போகும் அதே ஆள் திறந்த வெளியில் "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சொல்வது இதனால்தான். கையில்லாத பனியனோடு ஓடுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. அதை நனைத்து, மேலே ஒரு ஜக்கெற்றைப் போட்டு, காற்று கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் உள்ளே போகும்படி விடுவது அதைவிட நல்லது. ஈரம் நின்று நிதானமாக ஆவியாகும். பாலைவனங்களைக் கடக்கும் நீண்டதூர ஓட்டுநர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் குறைந்தால் தாகம் மட்டும் வருவதில்லை, கவனமும் போகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஆண்கள் சிலரை இரண்டு மணித்தியாலம் வாகனம் ஓட்டும் சிமுலேட்டரில் அமர்த்தினார்கள். ஒருமுறை போதுமான நீர். மறுமுறை மிகக் குறைவான நீர். நீர் குறைந்த நாளில் பாதை விலகுதல், பிந்திப் பிரேக் பிடித்தல் போன்ற தவறுகள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின. வழியில் அடிக்கடி இறங்க வேண்டிவரும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது ஆபத்தான சிக்கனம். இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்புக்கரைசல் பக்கற் ஒன்றை அளவு நீரில் கரைத்துப் பையில் வைத்திருந்தால் மதியத்துக்குப் பிறகு வரும் தலையிடி பலருக்கு வராமலே போகும்.

தூக்கத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. இங்கேதான் பயணங்கள் பிசகுகின்றன.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டாசனும் கத்ரின் ரீடும் 1997இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்கவிடாமல் வைத்தும், இன்னொரு நாள் மது கொடுத்தும், கையும் கண்ணும் இணைந்து செய்யும் வேலையொன்றில் சோதித்தார்கள். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கியிருந்தது. 24 மணித்தியாலத்தில் அது 0.10 சதவீதத்துக்கு இணையாயிற்று. இலங்கைச் சட்டத்தில் வாகனம் ஓட்டுபவருக்கான எல்லை 0.08. ஒரு சொட்டு மதுவும் வாழ்நாளில் தொடாத ஒருவர், ஓர் இரவு முழுவதும் ஓடி விடியும்போது, சட்டம் குடிபோதை என்று பிடிக்கும் நிலையைத் தாண்டியிருப்பார். பொலிசாரின் ஊதுகுழலில் அது தெரியாது, அவ்வளவுதான். அதிகாலை 3 மணிக்கு எழுந்து புறப்பட்டவருக்கு 17ஆவது மணித்தியாலம் இரவு 8 மணிக்கு வருகிறது.

முந்திய நாட்களின் கடனும் இதில் சேரும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், முழுத் தூக்கத்தை இழந்தவர்களின் நிலை வரை சரிந்தது. அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு களைத்திருப்பது தெரியவில்லை. கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று மட்டுமே சொன்னார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஓடுவேன்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூளையால் அதை அளக்க முடியவில்லை. ஆகவே அந்தச் சொல்லை நம்பித் திட்டம் போடக் கூடாது. கடிகாரத்தை நம்ப வேண்டும்.

தூக்கத்தால் நிகழும் விபத்துகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த ஜிம் ஹோர்னும் லூயிஸ் ரெய்னரும் 1995இல் காட்டியது: அவை நள்ளிரவு தாண்டி 2 மணியளவிலும், காலை 6 மணியளவிலும், பிற்பகல் 4 மணியளவிலும் குவிகின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டதால்தான் பிற்பகல் மயக்கம் என்று நாம் நினைக்கிறோம். சாப்பாடு அதைக் கூட்டும், உண்மை. ஆனால் உடலின் உட்கடிகாரமே அந்த நேரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது, சாப்பிடாவிட்டாலும் இறங்கும். காரில் கண் சொருகினால் சில வேளை வீதியோரக் கல் தட்டி எழுப்பும். இரண்டு சக்கரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் கண் மூடினால் வண்டி 50 மீற்றர் ஆளில்லாமல் ஓடியிருக்கும்.

குறிஞ்சாக்கேணி, கின்னியா இளைஞர்களுக்கு இந்த விடயத்தில் ஊரோடு வந்த ஒரு நன்மை இருக்கிறது: தொழுகை நேரங்கள். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் நள்ளிரவு தாண்டிய தூக்கப்பள்ளம் கடந்திருக்கும், வெளிச்சமும் வந்திருக்கும். லுஹருக்கு நிற்கும்போது வெயிலின் உச்சம். அஸர் வரும் மூன்றரை மணி ஏறத்தாழ ஹோர்னும் ரெய்னரும் சொன்ன பிற்பகல் ஆபத்து நேரம். மஃரிபுக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிட்டால் இருட்டில் ஓட வேண்டியதில்லை. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை உண்டு. ஆனால் நிற்பதைச் சேர்த்துச் சுருக்காமல் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. பள்ளிவாசல் ஹவுழில் முகமும் காலும் கழுவி, நிழலில் ஒரு கால் மணித்தியாலம் சாய்ந்துவிட்டு எழுபவர் அடுத்த நூறு கிலோமீற்றருக்கு வேறு ஆளாக ஏறுகிறார். நோன்பு மாதத்தில் இப்படியொரு பயணத்தை வைத்துக்கொள்ளாதிருப்பதே சரி.

அந்தக் கால் மணித்தியாலச் சாய்வுக்கும் ஆய்வு இருக்கிறது. அதே ஹோர்னும் ரெய்னரும் 1990களில் சோதித்துப் பார்த்ததில், கோப்பி குடித்துவிட்டு உடனே 15 நிமிடத்துக்குள் ஒரு குட்டித்தூக்கம் போடுவது, இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதைவிட நன்றாக வேலை செய்தது. கஃபீன் மூளையில் வேலை செய்ய ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் தூங்கி எழுந்துவிடலாம். அவர்கள் கொடுத்த அளவு 150 முதல் 200 மில்லிகிராம். நமது வீதியோரக் கடையின் ஒரு பிளேன்டீயில் இருப்பது பெரும்பாலும் அதன் மூன்றிலொரு பங்குகூட வராது. சீனி போட்ட ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு "இனி மட்டக்களப்பு வரை நிற்கத் தேவையில்லை" என்று ஏறுவது வெறும் நம்பிக்கை. கண்ணைத் தூக்கம் கட்டும்போது முகத்தில் தண்ணீர் அடிப்பதும் பாட்டுப் போடுவதும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை.

இனிக் கூட்டம். தனியே ஓடுவதைவிட ஆறு பேராக ஓடுவது பாதுகாப்பு என்பது பொதுவான எண்ணம். நின்றிருக்கும்போது அது உண்மை. ஓடும்போது அப்படியே சொல்ல முடியாது.

ஜப்பானில் நாகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவின் குழு 2008இல் வெளியிட்ட சோதனையில், 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டார்கள். ஒரே வேகத்தில், மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடுங்கள் என்பது மட்டுமே கட்டளை. குறுக்கே எதுவும் இல்லை, சந்தி இல்லை, மாடு இல்லை. சற்று நேரத்தில் தானாகவே நெரிசல் பிறந்தது. ஒருவர் மிகச் சிறிதாக வேகம் குறைக்கிறார். பின்னால் வருபவர் ஒரு நொடி தாமதித்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கிறார். அடுத்தவர் இன்னும் கூடுதலாக. முன்னால் ஒரு தொடுதலாக இருந்தது கடைசியில் முழு நிறுத்தமாகிறது. மோட்டார் சைக்கிள் வரிசையிலும் இதேதான். முன்னால் போகிறவர் 60இல் சீராகப் போவதாக நினைத்திருக்க, கடைசியில் வருகிறவர் 40க்கு இறங்கி 80க்கு ஏறி, நாள் முழுக்க விரட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பார். மாலையில் அவர்தான் அதிகம் களைத்திருப்பார். பெரும்பாலும் அவர்தான் குழுவில் அனுபவம் குறைந்தவராகவும், சின்ன வண்டிக்காரராகவும் இருப்பார். வெட்கத்தால் பின்னால் போய் நின்றிருப்பார்.

இதற்கு வைத்தியம் எளிது. அனுபவம் குறைந்தவரை முன்னால் போகும் தலைவருக்கு அடுத்த, இரண்டாம் இடத்தில் விட வேண்டும். தலைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை வைப்பார். கடைசியில் மிகப் பழகியவரும், செயின் இறுக்கவும் ரியூப் மாற்றவும் தெரிந்தவருமான ஒருவர். ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து, அடுத்த பெற்றோல் செட்டில் சந்திப்பதாக வைத்துக்கொள்ளலாம். நேர்வீதியில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறிமாறி, குறுக்காக இருப்பவருக்கு ஒரு செக்கனும் நேர்முன்னால் இருப்பவருக்கு இரண்டு செக்கனும் இடைவெளி. வளைவிலும் ஊருக்குள்ளும் ஒற்றை வரிசை. பக்கத்தில் பக்கமாக ஓடிப் பேசிக்கொண்டு போவது கூடவே கூடாது; ஒருவர் குழிக்கு விலகினால் மற்றவருக்கு விலக இடமில்லை.

முந்துவதில் இன்னொரு கணக்கு. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கன் இடைவெளியில் ஆறு வண்டிகள் போனால், முதலாமவருக்கும் கடைசியாளுக்கும் நடுவே ஏறத்தாழ 83 மீற்றர். முதலாமவர் ஒரு பஸ்ஸை முந்தும்போது எதிரே வீதி வெறுமையாக இருக்கலாம். ஆறாமவர் அதே இடத்துக்கு வரும்போது எதிரே லொறி இருக்கும். ஆகவே முன்னால் போனவர் கைகாட்டி அழைத்தாலும் பின்னால் வருபவர் தன் கண்ணை மட்டுமே நம்பி முந்த வேண்டும். பின்தங்கியவரை யாரும் கேலி செய்வதில்லை, அடுத்த சந்தியில் எல்லோரும் காத்திருப்போம் என்ற உறுதி புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லப்பட்டிருந்தால்தான் இது நடக்கும்.

நேரம் எங்கே தொலைகிறது என்பதைப் பார்க்க ஒரு பெற்றோல் செட்டில் நின்றால் போதும். ஆறு வண்டி, ஒரே பம்பி, ஆளுக்கு மூன்று நிமிடம்: பதினெட்டு நிமிடம். முதலில் அடித்தவர் கடைக்குள் போய்விடுகிறார். அவர் திரும்பும்போது கடைசியாள் கழிப்பறைக்குப் போகிறார். ஒருவர் வீட்டுக்குப் போன் எடுக்கிறார். இன்னொருவர் கையுறையைத் தேடுகிறார். நாற்பது நிமிடம் போனபின் எல்லோருக்கும் பதற்றம். விட்டதைப் பிடிக்கத் தோன்றும். அந்தப் பிடிப்பின் விலை இது: 100 கிலோமீற்றரை 60இல் ஓட 100 நிமிடம்; 20 நிமிடத்தை மீட்க 75இல் ஓட வேண்டும். சட்டத்தின் எல்லை தாண்டிவிட்டது. ஆபத்தைப் பார்த்து உணர ஒன்றரை செக்கன், பிறகு காய்ந்த வீதியில் நல்ல பிரேக் என்று வைத்தால், 60இல் நிற்க ஏறத்தாழ 45 மீற்றர் போதும். 75இல் 63 மீற்றர் வேண்டும். இருபது நிமிடத்துக்காகக் கொடுத்தது பதினெட்டு மீற்றர். தாமதத்தை வீதியில் மீட்க நினைக்காமல், அன்றைய தூரத்தைக் குறைத்து மீட்பதே அறிவு.

தரிப்புகளைச் சுருக்க வழி, மிகச் சிறிய தாங்கியை அளவாகக் கொள்வது. குழுவில் ஒரு ஸ்கூட்டர் இருந்து அதன் தாங்கி ஐந்து லீற்றர் என்றால், லீற்றருக்கு 45 கிலோமீற்றர் கணக்கில் 225. மூன்றிலொரு பங்கைக் கையிருப்பாக விட்டால் 150. ஆகவே 150 கிலோமீற்றருக்கு ஒருமுறை, தேவை இருப்பவரும் இல்லாதவரும் எல்லோருமாக ஒரே இடத்தில் அடித்துவிட வேண்டும். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்த மாதங்களைக் கடந்தவர்களுக்கு ஒரு லீற்றர் எவ்வளவு தூரம் என்பது மனப்பாடம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கராஜ்காரருக்குத் தெரியும். புது ரயரோ புது பிரேக் கட்டையோ போட்டால் புறப்படும் நாளில் போடாமல் ஒரு வாரம் முன்பே போட்டு ஓடிப் பழக வேண்டும். காற்றை ரயர் சூடாக முன் பார்க்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது செக்கனுக்கு 100 தடவை கைப்பிடியை உதறுகிறது. விரல் மரத்துப்போவது அதனால். பிடியைத் தளர்த்தி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி விரல்களை விரித்து மடக்கினால் போதும். காதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் வேகத்தோடு ஏறி, நெடுஞ்சாலை வேகத்தில் 90 டெசிபலைத் தாண்டும். 85இல் எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் பாதி நேரமே தாங்கும். 91இல் இரண்டு மணித்தியாலம். நுரைப்பஞ்சு அடைப்பான் ஒரு சோடி மலிவான பொருள். இரைச்சல் குறைந்தால் களைப்பும் குறையும்.

தலைக்கவசம் பற்றி ஒரே ஒரு தகவல்: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மதிப்பாய்வின்படி, அது மோட்டார் சைக்கிள் விபத்தில் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. நாடி வார் கட்டப்படாத கவசம் இந்தக் கணக்கில் சேராது.

இருட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வரும் வீதியில் பொழுது சாயும் நேரம் யானை இறங்கும். அதன் சாம்பல் நிறம் தார் வீதியோடும் மரநிழலோடும் கலந்துவிடும். கண்ணும் வெளிச்சத்தில் மின்னித் தெரியும் உயரத்தில் இருப்பதில்லை. கின்னியா, மூதூர்ப் பக்கம் எருமையும் மாடும். பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவில் வயலைவிடச் சூடாக இருப்பதால் அவை வீதியிலேயே படுத்துக்கொள்கின்றன. தாழ்த்திய முன்விளக்கு தெளிவாகக் காட்டுவது நாற்பது ஐம்பது மீற்றர். 60இல் நிற்கத் தேவை 45 மீற்றர். அதாவது 60 என்பதே இரவில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. எதிர்வாகன வெளிச்சம் கண்ணில் பட்டால் அதுவும் போயிற்று. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களே பெருந்தொகை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் குறிஞ்சாக்கேணி நண்பர்களின் சுற்றுக்கு ஐந்து நாள் வேண்டும். நாளுக்கு 270, 280 கிலோமீற்றர். உண்மையில் கிடைக்கும் சராசரி மணிக்கு 40 என்று வைத்தால் ஏழு மணித்தியால ஓட்டம். காலை 6 மணிக்குப் புறப்பட்டு, தரிப்புகள் எல்லாம் போக, மாலை ஐந்துக்குள் தங்குமிடம். நான்காம் நாள் மாலையில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆறாம் நாள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு லீவு கேட்கும்போதே ஆறு நாள் கேட்டுவிட வேண்டும். நான்கு நாளில் முடித்தவர்கள் இருக்கலாம். அவர்கள் முடித்தார்கள் என்பது அந்தத் திட்டம் சரி என்பதற்கு ஆதாரமாகாது.

புறப்படும் முன் ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு விதியை ஏற்றுக்கொள்ளுங்கள்: யார் "இன்றைக்குப் போதும்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் அங்கேயே நிற்பது. ஒவ்வொருவரின் இரத்தவகை, மருந்து ஒவ்வாமை, வீட்டாரின் இலக்கம் எழுதிய துண்டு சட்டைப்பையில் இருக்கட்டும். அன்றைய வழியும் தங்குமிடமும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை.